‘கலவையான விமர்சனம்’ வந்த காமெடிப் படத்துக்கு டிக்கெட் எடுக்கும் முன்

சறுக்கி விழுவது, கதவில் மூக்கை இடித்துக்கொள்வது மாதிரியான காமெடி எனக்குப் பிடிக்கும். அதனால் இது ரசனை கெட்டுப்போச்சு என்று புலம்பும் பதிவு இல்லை. சமீபத்தில் அப்படி ஒரு படத்துக்குக் குடும்பத்தோடு போய் ஏமாந்தோம். படம் மொக்கை என்பதைக்கூட மன்னித்துவிடலாம். விற்ற விதம்தான் பொறுக்கவில்லை.

போஸ்டரில் ஒரு விமர்சகரின் பெயர், கூடவே வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்கிற பொருளில் ஒரு வரி. வீட்டுக்கு வந்து அந்த விமர்சனத்தைத் தேடிப் படித்தேன். ஆரம்பக் காட்சிகள் அப்படித்தான் இருக்கின்றன, அப்புறம் ஒரே ஜோக்கை வைத்தே ஓட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார் மனிதர். முன்பாதி போஸ்டருக்குப் போயிருக்கிறது, பின்பாதி எங்கள் தலையில் விழுந்தது.

டிரெய்லர் அதைவிட மோசம். இந்த வகைக் காமெடிக்கு டைமிங்தான் உயிர். விழுவதற்கு முன் வரும் சின்னத் தயக்கம், விழுந்தபின் முகம் போகும் போக்கு, இதையெல்லாம் முழு உடலும் தெரிய, வெட்டாமல் காட்டினால்தான் சிரிப்பு வரும். 1928இல் வந்த ஒரு மௌனப் படத்தில் காமெடி நடிகர் பஸ்டர் கீட்டன் மேல் ஒரு வீட்டின் முன்சுவர் அப்படியே சாயும். மாடி ஜன்னல் இடைவெளி சரியாக அவர் நின்ற இடத்தில் விழ, மனிதர் அசையாமல் நிற்பார். எல்லாம் ஒரே ஷாட்டில் கண்ணெதிரே நடக்கிறது, அதனால்தான் இன்றும் வாயைப் பிளக்கிறோம். டிரெய்லரில் அந்த உழைப்பு தேவையில்லை. துண்டு துண்டாக வெட்டி, அடி விழும் இடத்தில் இசையை நிறுத்தினால் டைமிங் இருப்பது போலவே தெரியும். படத்தில் அதே அடிகள் இழுத்துக்கொண்டே போயின. கழிப்பறை ஜோக்குகளும் இரட்டை அர்த்த வசனங்களும் டிரெய்லரில் மருந்துக்கும் இல்லை. பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெளிந்ததுதான் மிச்சம். பாதியில் எழுந்து வந்துவிட்டோம்.

டிக்கெட் விற்ற செயலியில் புகார் செய்தால், காட்சி தொடங்கிவிட்டால் பணம் திரும்பக் கிடையாது என்று ஒரு ரெடிமேட் பதில். தியேட்டரில் கேட்டால் விளம்பரம் எங்களுடையது இல்லை என்கிறார்கள். சரி, அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

விமர்சகர்கள் திட்டுகிறார்கள், ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள் என்று விமர்சனத் தளங்கள் காட்டும் இரண்டு சதவீதங்களையும் அப்படியே நம்ப வேண்டாம். விமர்சனங்களைத் தொகுத்துத் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர் சதவீதம் என்பது மதிப்பெண்ணின் சராசரி அல்ல, எத்தனை பேர் பரவாயில்லை என்றார்கள் என்ற கணக்கு. எல்லோரும் ‘ஒரு தடவை பார்க்கலாம்’ என்று இழுத்தாலே 100 வந்துவிடும். ரசிகர் பக்கத்தில் ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரமோ அதற்கு மேலோ போட்டவர்களின் பங்கு. பல படங்களுக்கு டிக்கெட் வாங்கியவர்தானா என்று சரிபார்க்கிறார்கள், நல்லதுதான். ஆனால் முதல் நாளே ஓடிப்போய் வாங்குகிறவர் பெரும்பாலும் அந்த நடிகரின் ரசிகர். அரங்கு நிறைந்த காட்சியில் பக்கத்து ஆளின் சிரிப்பு வேறு தொற்றிக்கொள்ளும்.

விமர்சகர் பெயர் போட்டிருக்கிறதே என்றும் நம்பிவிடாதீர்கள். ‘தி அனிமல்’ என்ற காமெடி உட்பட சில படங்களைச் சோனி பட நிறுவனத்தின் விளம்பரங்களில் டேவிட் மேனிங் என்ற விமர்சகர் பாராட்டித் தள்ளினார். அப்படி ஒரு ஆளே கிடையாது, நிறுவனத்துக்குள்ளேயே உருவாக்கிய கற்பனைப் பெயர் என்பதை 2001இல் நியூஸ்வீக் பத்திரிகை போட்டு உடைத்தது. இதற்காகப் பார்வையாளர்கள் போட்ட வழக்கு 2005இல் 15 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. படம் பார்த்து ஏமாந்தவர்கள் ஆளுக்கு 5 டாலர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். எங்களுக்கு அதுவும் இல்லை!

இனி போகிறவர்கள் போஸ்டர் வரியின் மூல விமர்சனத்தை முழுதாகப் படித்துவிடுங்கள். இந்த வகைப் படம் என்றாலே முகம் சுளிக்கிற விமர்சகரை விட்டுவிடலாம், அவர் எதற்கும் சிரிக்க மாட்டார். இதே மாதிரி வேறு படத்துக்கு விழுந்து விழுந்து சிரித்த ஒருவர் இதற்கு என்ன சொல்கிறார் என்று தேடுங்கள். வெளியாகும் நாள் வரை ஒரு விமர்சனமும் கண்ணில் படவில்லை என்றால் இரண்டு நாள் பொறுங்கள். பிள்ளைகளோடு போவதாக இருந்தால் சான்றிதழின் எழுத்தோடு நிறுத்தாமல், அதைக் கொடுத்ததற்கான காரணக் குறிப்பு கிடைத்தால் அதையும் பாருங்கள். இரட்டை அர்த்த வசனம் இருந்தால் அங்கே சொல்லியிருக்கலாம்.