கண்ட்ரோல் லைன் விமானத்துக்கு எந்த ஈஎஸ்சி?

"அண்ணா, 40 ஆம்பியர் போதுமா, 60 வாங்கணுமா?" மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி என்ற மின்கருவியைப் பற்றி, காட்பாடியிலிருந்து வந்த தம்பி போன ஞாயிற்றுக்கிழமை கேட்ட கேள்வி இது. ஆம்பியர் முக்கியம்தான், ஆனால் கம்பி பிடித்து ஓட்டும் விமானத்துக்கு அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பேட்டரி இறங்க இறங்க, மோட்டாரின் சுற்றை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை, ஈஎஸ்சி அப்படியே பிடித்து வைக்குமா? அதுதான் முதல் கேள்வி.

ஏன் என்று கணக்குப் போட்டால் தெரியும். 20 மீட்டர் ஆரம், ஒரு வட்டத்துக்கு 5.2 நொடி என்றால், விமானம் மணிக்கு சுமார் 87 கிலோமீட்டரில் போகிறது. 1.7 கிலோ விமானம் அந்த வேகத்தில் கைப்பிடியைச் சுமார் 5 கிலோ கனத்துக்கு இழுக்கும். தலைக்கு நேர் மேலே வரும்போது அதன் சொந்த எடை நம் பக்கம் சாய்வதால், இழுப்பு 3.3 கிலோவாகிவிடும். இப்போது வேகம் பத்து சதவீதம் குறைந்ததென்று வையுங்கள். மேலே மிஞ்சுவது 2.4 கிலோதான். அப்போது ஒரு காற்று அடித்தால் கம்பி தொய்ந்துவிடும். தொய்ந்த கம்பியில், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் நம் கை சொல்வதைக் கேட்காது.

ஃபோர் எஸ் லிப்போ, அதாவது நான்கு செல் பேட்டரி, முழு சார்ஜில் 16.8 வோல்ட். கடைசி நிமிடத்தில் 14.8 பக்கம் வந்து நிற்கும். சாதாரண ஈஎஸ்சிக்கு, மோட்டாரை ஓட்டி நிறுத்தும் டைமர் ஒரே த்ராட்டிலைக் கொடுத்துக்கொண்டிருந்தாலும் சுற்று வோல்டேஜோடு சேர்ந்து இறங்கத்தான் செய்யும். பழகுகிறவருக்கு அது தவறில்லை. மட்டமாகச் சுற்றவும், ஒன்றிரண்டு லூப் போடவும் தாராளமாகப் போதும். ஆனால் வாங்கியதும் ஒரு வேலை செய்யுங்கள்: வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரை ஒரேயடியாக நிறுத்தும் அமைப்பை மாற்றி, மெல்லக் குறைக்கும்படி வையுங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டேன். தலைக்கு மேல் எட்டு போட்டுக்கொண்டிருந்தபோது மோட்டார் நின்றது. கம்பி கையில் துவண்டு விழுந்தது, விமானம் மூக்கால் பாலாற்று மணலில் குத்தியது. இரண்டு மாத வேலை.

சுற்றை மாறாமல் பிடித்து வைக்கும் கவர்னர் உள்ள ஈஎஸ்சிகளுக்கு வருவோம். ஹாபிவிங் பிளாட்டினம் வி4 முக்கியமாக மாடல் ஹெலிகாப்டருக்கென்று வந்தது. அதில் இரண்டு வகைக் கவர்னர் உண்டு. ஒன்று பேட்டரி மாற்றும்போதெல்லாம் சுற்றைப் புதிதாக அளந்துகொள்ளும், அதனால் பேக்குக்குப் பேக் வேகம் மாறும். நமக்கு வேண்டியது, முதல் தடவை அளந்ததை நினைவில் வைக்கும் 'ஸ்டோர்' வகை. அந்த முதல் அளவெடுப்பை முழு சார்ஜ் பேட்டரியில் பொறுமையாகச் செய்ய வேண்டும்.

காஸில் நிறுவனத்தின் ஈஎஸ்சியில் அந்தச் சிக்கல் இல்லை. 14 காந்த மோட்டார், கியர் இல்லை, 9,500 சுற்று என்று கணினியில் நேராகத் தட்டிவிட்டால் அதையே பிடிக்கும். கவர்னர் எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்பதையும் மாற்றலாம். அவர்களுடைய எட்ஜ் வரிசையில், பறந்து முடிந்த பின் அந்தப் பறப்பின் பதிவைப் பார்க்கலாம். காசு அதிகம். விண்டோஸ் கணினியும், அதை இணைக்கும் காஸில் லிங்க்கும் வேண்டும். ஆனாலும் ஸ்டண்ட் ஓட்ட வருபவரிடம் நான் இதையே சொல்கிறேன். ஜெட்டி ஸ்பின் என்ற ஈஎஸ்சியிலும் நிலையான சுற்று உண்டு, நல்ல சரக்கு.

இன்னொரு வழியும் இருக்கிறது. சில டைமர்கள் மோட்டாரின் மூன்று வயரில் ஒன்றிலிருந்து சிக்னல் எடுத்துத் தாங்களே சுற்றை எண்ணும். அப்போது கவர்னர் வேலை டைமருடையது, சாதாரண ஈஎஸ்சியே போதும்.

கவர்னர் எதுவானாலும் அதற்குக் கையிருப்பு வேண்டும். புது பேட்டரியிலேயே 95 சதவீதத் த்ராட்டிலில் ஓடினால், கடைசியில் கொடுக்க அதனிடம் எதுவும் இருக்காது. முழு சார்ஜில் 75, 80 சதவீதத்தில் வேண்டிய சுற்று வருகிறமாதிரி மோட்டாரின் கேவியை, அதாவது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பதை, தேர்ந்தெடுங்கள். இறங்கும்போது புரொப்பெல்லர் புல்லில் சிக்கினால் கவர்னர், சுற்று குறைந்ததே என்று இன்னும் கரண்டைத் தள்ளும், ஈஎஸ்சி கருகும். ஆகவே ஓவர்கரண்ட் தடுப்பு கட்டாயம் போட்டிருக்கட்டும்.

சரி, ஆம்பியர். விமானம் 35 இழுத்தால் வேலூருக்கு 60 வாங்குங்கள். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், மூடிய மூக்குக்குள் அது வேக வேண்டும். காற்று நுழையும் ஓட்டையைவிட வெளியேறும் ஓட்டை பெரிதாக இருக்கட்டும். ஆறு நிமிடம் பறந்து இறங்கியதும் ஹீட்சிங்க்கைத் தொடுங்கள். மூன்று எண்ணும்வரை விரல் தாங்கினால் பரவாயில்லை. என்னுடையது மே மாதம் காலை ஏழு மணிக்குத் தாங்கியது, ஒன்பது மணிக்குத் தாங்கவில்லை. அப்புறம் பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு இன்னொரு ஓட்டை வெட்டினேன். இப்போது ஒன்பது மணிக்கும் ஒரு பேட்டரி போடுகிறேன்.