ஹப் சீல் மாத்தப் போய் 64,500 ரூபாய் போச்சு, லொறி வச்சிருக்கிற ஆக்கள் கவனம்

எரிச்சலோடதான் எழுதுறன், பிழை கிடந்தா மன்னியுங்க. கல்முனைக்கும் அக்கரைப்பத்துக்கும் இடையில மெயின் ரோட்டோரம், பெரிய வாகனம் மட்டும் செய்யுற ஒரு கராஜ். பேர் போடல்ல, போட்டா நாளைக்கு வீட்டு வாசல்ல வந்து நிப்பானுகள்.

என்ட லொறிட பின் எக்சல்ல இடப்பக்க ஹப் சீல், அதான் சில்லு நடுவுல ஓயில் வெளிய வராம மறிக்கிற வளையம், ஒழுகத் தொடங்கி ரெண்டு கிழமை. டயர்ட உள்பக்கம் முழுக்க கறுப்பா கியர் ஓயில், அதுக்கு மேல வயல் ரோட்டுப் புழுதி அப்பிக் கிடக்கு. இந்த எக்சல்ல நடுவுல கிடக்கிற டிஃபரன்ஷல், அந்தப் பல்சில்லுப் பெட்டிட ஓயில்தான் ஹப் பெயாரிங்குக்கும் போற, சீல் போனா அது பிரேக் ட்ரம்முக்குள்ள இறங்கி, உரசி சில்ல நிப்பாட்டுற லைனிங்க ஊற வச்சிரும், பிரேக் பிடிக்காது. இது எனக்கும் தெரியும். பெரும்போக நெல்லு வெட்டுற நேரம், லொறிய நிப்பாட்டி வைக்க ஏலாது, அதான் கிட்டக் கிடந்த இடத்துல விட்டன்.

கராஜ் பாஸ் நல்லாக் கதைக்கிற ஆள். "இரிங்க தம்பி, பிளேன்டி குடிங்க" எண்டு கதிரை போட்டார். ஹப்பக் கழட்டி பழைய சீல என்ட கையில தந்து "விரல வச்சுப் பாருங்க, உதடு கிழிஞ்சு போச்சு" எண்டார். "லைனிங்கும் ஊறிட்டு, கழுவிப் போட்டா சரிவராது, ரெண்டு பக்கமும் புதுசுதான் போடோணும்" எண்டும் சொன்னார். சொன்னது எல்லாம் சரியான விஷயம், அதாலதான் நம்பினன். ஏமாத்துறவன் பொய்யத்தான் சொல்லுவான் எண்டு நினைச்சிருந்தன், இந்த மனிசன் உண்மையச் சொல்லியே ஏமாத்தினான்.

சீல், லைனிங், ஓயில், கூலி எல்லாம் சேத்து 64,500. மனுசிட சீட்டுக் காசு அது. எண்ணிக் குடுத்தன். பில்லு கேட்டதுக்கு "எங்களுக்குள்ள என்ன தம்பி பில்லு" எண்டு சிரிச்சார், நானும் சேந்து சிரிச்சன், விசரன்.

ஒரு பொடியன் பைப் துண்டொண்ட வச்சு சுத்தியலால டம் டம் எண்டு சீல இறுக்கினத கண்ணால பாத்தன். சீல் அடிக்கிறதுக்கெண்டே வட்ட டூல் இருக்கு, அது எங்க எண்டு கேக்க வாய் வரைக்கும் வந்திச்சு. கேக்கல்ல. பிளேன்டி குடிச்ச வாய். பிறகு "சோறு திண்டுட்டு வாங்க" எண்டு அனுப்பிட்டானுகள், வந்து பாக்கக்குள்ள சில்லு பூட்டியாச்சு.

மூணாம் நாள் கண்டிக்கு அரிசி லோட். மகியங்கனை கிட்டப் போகக்குள்ளயே பிரேக் பிடிச்சா வண்டி வலப்பக்கம் இழுக்குது, எரிஞ்ச ஓயில் மணம், இறங்கிப் பாத்தா அதே டயர் அதே கறுப்பு, ஹப்புக்குக் கிட்டக் கைய கொண்டு போகவே ஏலாது, அவ்வளவு சூடு. அங்கால 18 வளைவு மலை ரோட்டு கிடக்கு. ஏறுறதப் பத்தி இல்ல, திரும்பி இறங்கக்குள்ள போயிருந்தா நான் இத எழுதிக்கொண்டு இருக்க மாட்டன். லோட்ட வேற லொறிக்கு மாத்தின செலவு தனி.

கோல் எடுத்தா முதல்ல "பாஸ் சாப்பிடப் போய்ட்டார்". பின்னேரம் "கொழும்புக்குப் போய்ட்டார்". அடுத்த நாள் அவரே எடுத்து "நீங்க ஓவர்லோட் போட்டிருப்பீங்க தம்பி" எண்டார். ஓவர்லோட் போட்டா சீல் கோணுமா? பிறகு "சீல் பிழை எண்டா அது கடைக்காரன்ட பிழை". எந்தக் கடை எண்டு கேட்டா லைன் கட். வட்ஸ்அப்புல ஃபோட்டோ அனுப்பினன், நீலக் கோடு விழுந்திச்சு, பதில் இல்ல. 64,500 ரூபாய்க்கு ரெண்டு நீலக் கோடு.

கடைசில ஏறாவூர்ப் பக்கம் ஒரு வயசான பாஸ் கழட்டிப் பாத்தார். "மனே, இது கழுவின லைனிங், புதுசு இல்ல" எண்டார். ரெண்டு பக்கமும் பெற்றோல்ல கழுவிப் பழசையே பூட்டியிருக்கானுகள். சீல் ஒரு பக்கம் உள்ளுக்கும் மத்தப் பக்கம் வெளியவுமா கோணி இருக்கு. சீல்ட உதடு உரசுற இடத்துல நகம் மாட்டுற அளவுக்குப் பள்ளம், அப்பிடிக் கிடந்தா எத்தின சீல் போட்டாலும் ஒழுகுமாம். எக்சலுக்கு மேல இருக்கிற ப்ரீதர் சேத்தால அடைச்சுக் கிடக்கு, சூடாகக்குள்ள உள்ள காத்து போக வழியில்லாம ஓயில சீலால தள்ளுதாம். ஹப் பெயாரிங் நட்டையும் கண்டபடி இறுக்கி வச்சிருந்திருக்கானுகள், அந்தச் சூடு அதாலதான். அவர் டயல் கேஜ் வச்சு, பெயாரிங் ஆட்டம் 0.001 இருந்து 0.005 இஞ்சிக்குள்ள நிக்குமட்டும் திருப்பித் திருப்பி இறுக்கினார், ஒரு தலைமயிர்த் தடிப்புத்தான். அங்க அரை நாள் பக்கத்துல நிண்டே பாத்தன், பிளேன்டி வேணாம் எண்டுட்டன்.

என்ன பாக்கோணும் எண்டு விவரமா எழுதத்தான் இருந்தன், கையோட சொல்றன்: சில்லு பூட்டுமட்டும் அங்கால போகாதீங்க, சோத்துக்கும் போகாதீங்க. பழைய லைனிங்க கையில கேட்டு வாங்குங்க. ப்ரீதரப் பாக்கச் சொல்லுங்க. சுத்தியலத் தூக்கினா நிப்பாட்டுங்க. பில்லு இல்லாம சல்லி குடுக்காதீங்க. மிச்சம் பிறகு எழுதுறன், மில்காரர் ரெண்டாம் தரம் கோல் அடிக்கிறார், லோட் எங்க எண்டு.