நோட்டும் நாற்காலியும்: நாகர்கோவிலில் நான் பார்த்த இரண்டு தெரபிகள்

அம்மா இறந்த வருடம், மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரும் பஸ்ஸில் எனக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. தக்கலை வருவதற்குள் நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். இதயத்தில் கோளாறு இல்லை, பானிக் அட்டாக் என்றார் டாக்டர். அதற்காக இரண்டு தெரபிஸ்ட்டுகளிடம் போனேன்.

முதலாமவர் செய்தது சி.பி.டி., அதாவது எண்ணத்தையும் செயலையும் மாற்றிப் பழக்கும் தெரபி (Cognitive Behavioural Therapy). 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய முறை. எண்ணம், உணர்ச்சி, செயல் மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும். எண்ணத்தைச் சோதித்துப் பார்த்தால் மற்றவையும் அடங்கும் என்பது அடிப்படை. நோட்டில் நாலு கட்டம்: எங்கே நடந்தது, என்ன தோன்றியது, எவ்வளவு பயம், வேறு என்ன காரணம் இருக்கலாம். அப்புறம் அதே பஸ்ஸில் முதலில் ஒரு ஸ்டாப், பிறகு இரண்டு. பன்னிரண்டு வாரத்தில் பஸ் பயம் போய்விட்டது. பானிக், ஓ.சி.டி. (விடாமல் வரும் எண்ணமும், அதனால் திரும்பத் திரும்பச் செய்வதும்) என்று யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊரு, யாருக்க பிள்ள?" நம் மாவட்டத்தில் அது அன்பான விசாரிப்புதான். பதிலில் சாதியும் சபையும் சேர்ந்தே வந்துவிடும். ஆர்.சி. (கத்தோலிக்க) வீட்டில் பிறந்து சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) பையனைக் கட்டியதால் அம்மா நாலு வருடம் என்னோடு பேசவில்லை என்பதை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. அது சி.பி.டி.யின் குறையல்ல, அந்த அறையின் குறை.

இரண்டாமவர் உறவை மையமாக வைத்துப் பார்ப்பவர். இந்த வழியின் வேர்களில் ஒருவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். தெரபிஸ்ட் உண்மையாக இருக்க வேண்டும், நிபந்தனையில்லாமல் ஏற்க வேண்டும், வந்தவரின் இடத்திலிருந்து புரிந்துகொள்ள வேண்டும் என்று 1957-இல் எழுதினார். இவர் முதல் நாளே தான் எங்கே படித்தார், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்று சொன்னார். "எனக்குத் தெரியாத வாழ்க்கை நிறைய உண்டு. தப்பா எடுத்துக்கிட்டா சொல்லுங்க" என்றார். கல்யாண வீட்டில் பார்த்தால் பேசட்டுமா, தெரியாத மாதிரிப் போகட்டுமா என்றும் கேட்டார். எல்லாரும் எல்லாருக்கும் சொந்தமாக இருக்கும் ஊரில் இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியாது.

ஒரு வாரம் பத்து நிமிடம் தாமதமாகப் போய், பஸ் கிடைக்கவில்லை என்றேன். அவர் கொஞ்சம் பொறுத்து, "போன வாரம் நீங்க பேசும்போது நான் மணி பார்த்தேன். அது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். அம்மாவின் கடைசி போனில் நானும் மணி பார்த்துத்தான் "அப்புறம் பேசுறேன்" என்று வைத்தேன். அன்றுதான் அழுதேன். அதற்கு நோட்டில் கட்டம் கிடையாது.

இது மெதுவான வழி, செலவும் அதிகம். எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. உயிரை விடும் எண்ணம் இருந்தால் இரண்டில் எது என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள். தமிழில் பேசலாம், இலவசம்.

தன்பாலீர்ப்பு கொண்டவர்களும் திருநர்களும் முறையைவிட ஆளைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். பாலின ஈர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை முயற்சிகளுக்கு 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. தீர்ப்பு சொல்லும் முன் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தானே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். நேரம் குறிக்கும் முன் போனில் கேளுங்கள்: "என்னை மாதிரி ஆட்களோடு வேலை செய்திருக்கிறீர்களா?" பதிலுக்கு முன்னால் வரும் குரலையும் கவனியுங்கள்.