சனசமூக நிலையத்துக்கு வரும் வாசிப்புப் பெட்டி: எதைப் பார்த்து வாங்குவது?

இலங்கையில் பாடநூல்கள் 1980 முதல் இலவசம். ஆகவே வன்னியின் உட்கிராமங்களுக்குக் கொப்பியும் பையும் கொடுப்பதைவிட, லயன்ஸ், றோட்டரி போன்ற சேவைக் கழகங்கள் தரக்கூடிய வாசிப்புப் பெட்டியே (பிள்ளைகள் வாசிக்கும் புத்தகங்கள் அடங்கிய தகரப் பெட்டி) அதிகம் பயன்படும்.

பெட்டி பயனில்லாமல் போவது பெரும்பாலும் பிழையான புத்தகத் தெரிவினால்தான். நன்கொடையாகச் சேரும் பழைய பரீட்சை வழிகாட்டிகள் எழுத்துக்கூட்டவே திணறும் பிள்ளைக்கு உதவா. பாதிக்கு மேல் 16 அல்லது 24 பக்க மெல்லிய கதைப் புத்தகங்கள் வேண்டும். பக்கத்துக்கு இரண்டு வரி, பெரிய எழுத்து. பிள்ளை படிக்கும் வகுப்பைப் பார்த்துக் கொடுக்காமல், வாசிக்க வைத்துப் பார்த்துக் கொடுங்கள். அடிக்கடி தடுக்கினால் இன்னும் இலகுவானதைக் கொடுங்கள். கெ, கே, கொ, கோ குழம்பினால் முதலில் அதைத் திருத்த வேண்டும். ல, ள, ழ பிறகு.

உயர்தரம் முடித்த உள்ளூர்ப் பிள்ளை ஒருவரை வாசிப்புக்குப் பொறுப்பாக விட்டு, கழகம் மாதக் கொடுப்பனவு தரவேண்டும். அது இல்லாத இடங்களில் காலபோக (மாரிகால நெல்) அறுவடையோடு வகுப்பு நின்றுவிடும், பாவம் அவரும் வயலுக்குப் போகத்தானே வேண்டும்.

தகரப் பெட்டியை நிலத்தில் வைக்காதீர்கள், கறையான் ஏறும். வாங்கின் (நீள இருக்கையின்) மேல், சுவரில் முட்டாமல் வையுங்கள். மாரியில் வாரமொருமுறை திறந்து காற்றுப் படவிடுங்கள். மூன்று மாதத்துக்கொருமுறை பக்கத்து ஊரோடு பெட்டியை மாற்றும் ஒழுங்கு கழகத்திடம் இல்லையென்றால், பெட்டியைப் பொறுப்பேற்கும் முன்பே அந்த ஒழுங்கைக் கேட்டு வாங்குங்கள்.