கிளினிக் கணக்கா, பொலிஸ் கணக்கா, வீட்டுக் கதவா?

இலங்கையில் வயதுவந்தவர்களின் மனநலம் எப்படி இருக்கிறது என்று அறிய மூன்று வழிகள்: கிளினிக் பதிவேட்டை எண்ணலாம், பொலிஸாரின் தற்கொலைக் கணக்கைப் பார்க்கலாம், வீடு வீடாகப் போய்க் கேட்கலாம்.

கிளினிக் கணக்கு மலிவு, அவ்வளவுதான். அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊர் பேசும் என்று பயந்து, தூக்கமில்லை என்று மட்டும் சொல்லித் தெருமுனை டொக்டரிடம் மாத்திரை வாங்கும் வெள்ளவத்தைக்காரர் அந்தப் பதிவேட்டில் இல்லை. இலவச மருத்துவம் உள்ள இங்கிலாந்திலேயே, 2014 ஆய்வின்படி, மனச்சோர்வு, பதகளிப்பு போன்ற பொதுவான சிக்கல் உள்ளவர்களில் சிகிச்சை பெற்றோர் ஏறத்தாழ மூவரில் ஒருவர்தான்.

பொலிஸ் கணக்குத்தான் ஆளை ஏமாற்றும். 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு சுமார் 47 தற்கொலைகள். இருபது ஆண்டுகளில் அது மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. மனங்கள் தேறிவிட்டனவா? கொடிய பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்ததே முக்கிய காரணம். நஞ்சருந்தி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் அந்த அளவுக்குக் குறையவில்லை, பிழைத்தவர்கள் கூடினார்கள். அருமையான கொள்கை, ஆனால் மனநலத்துக்கு அது அளவுகோல் அல்ல.

ஆகவே என் ஓட்டு வீட்டுக் கதவுக்கு. அங்கேயும் இரண்டு கட்சி. பிஎச்கியூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளில் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள். 27க்கு 10 வந்தால் கவனிக்க வேண்டும். ஸ்கொட்லாந்துக்காக உருவான வாரிக்-எடின்பரோ அளவுகோலோ நோயைத் தேடுவதில்லை; தெளிவாகச் சிந்திக்க முடிகிறதா, மற்றவர்களோடு நெருக்கமாக இருக்கிறீர்களா என்று பதினான்கு நல்ல விஷயங்களைக் கேட்கும். ஊர் மொத்தத்தின் ஏற்ற இறக்கம் பார்க்க அது நல்லது. எத்தனை பேருக்குச் சிகிச்சை வேண்டும் என்று திட்டமிட பிஎச்கியூதான் உதவும். நான் அதையே எடுப்பேன். ஒரு நிபந்தனை: அதன் ஒன்பதாவது கேள்வி சாவு பற்றிய எண்ணத்தைத் தொடுகிறது. 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி எண்ணையாவது கையில் கொடுக்காமல் அதைக் கேட்கவே கூடாது. முடியாதென்றால் அந்தக் கேள்வியை விட்ட எட்டுக் கேள்வி வடிவம் இருக்கிறது.

அப்புறம், கொட்டாஞ்சேனையின் இரண்டறை வீட்டில் மாமி பக்கத்தில் இருக்க மருமகள் என்ன சொல்லிவிடப் போகிறாள்? "ஒரு குறையும் இல்லை" என்பாள். இங்கிலாந்து ஆய்வில் கூச்சமான கேள்விகளுக்குக் கணினியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள், பதிலளிப்பவரே அழுத்தலாம். இங்கே தமிழிலும் சிங்களத்திலும் ஒரு டெப்லட் கணினி போதும்.