காப்பியில் எந்தக் காப்பி? 'லு'வும் 'த்யு'வும்

பிரெஞ்சு படிக்கத் தொடங்கினால் முதலில் சிக்குவது சாப்பாட்டு மேசையில்தான். 'ஜெம் லு கஃபே' என்றால் எனக்குக் காப்பி பிடிக்கும். 'ஜ் ப்வா த்யு கஃபே' என்றால் நான் காப்பி குடிக்கிறேன். அதே காப்பிதான், ஆனால் முன்னால் நிற்கும் சொல் மாறிவிட்டது.

'லு' மொத்தக் காப்பி இனத்தையும் குறிக்கும், அல்லது நம் இருவருக்கும் தெரிந்த அந்தக் காப்பியை. பிடிக்கும், பிடிக்காது என்று சொல்லும் வினைகளோடு இதுதான் வரும். 'த்யு' அதிலிருந்து கொஞ்சத்தை மட்டும் அள்ளிக்கொள்ளும். சாப்பிட, குடிக்க, வாங்க பெரும்பாலும் இதுவே வேண்டும். பெண்பால் சொல்லுக்கு 'து லா'. தண்ணீரைக் குறிக்கும் 'ஓ' போல உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு 'து ல்', இரண்டும் சேர்ந்து 'து லோ'.

தமிழில் 'காப்பி குடித்தேன்', 'காப்பியைக் குடித்தேன்' என்பதில் இந்த வாசனை கொஞ்சம் உண்டு. முழுக்க நம்பிவிடாதீர்கள், 'காப்பி பிடிக்கும்' என்பதில் நமக்கு உருபே கிடையாது, அவர்களுக்கோ 'லு' கட்டாயம்.

நிஜமான வேறுபாடு மறுக்கும்போதுதான் வெளிப்படும். 'த்யு' சுருங்கி வெறும் 'து' ஆகிவிடும்: 'ஜ் ந ப்வா பா து கஃபே'. 'லு' அசையாது: 'ஜ் நெம் பா லு கஃபே'. குழம்பினால் நான் மறுத்துத்தான் பார்ப்பேன்.

கோழி விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. 'த்யு பூலே' தட்டில் சில துண்டுகள்; 'ஒரு' என்னும் பொருள் தரும் 'அன்' சேர்த்து 'அன் பூலே' என்றால் முழுக்கோழி.