இலங்கை மலையகத்துப் படுக்கையறை: ஃபேனா, ஏர் கூலரா, ஏசியா, கூரை வேலையா?

நுவரெலியாவில் இருப்பவர்களுக்கு இந்த அலசல் தேவைப்படாது. 1,868 மீட்டர் உயரத்தில் இரவுக்குத் தேவை கம்பளிதான். மாத்தளை, கண்டி, பதுளை, பசறை போன்ற தாழ்ந்த பக்கங்களில்தான் பங்குனி, சித்திரையில் படுக்கை கொதிக்கிறது. ஆனால் கண்டியில் அந்த மாதங்களில் பகல் 31 பாகை வரை ஏறினாலும், விடியும்போது 20, 21க்கு இறங்கிவிடும். இரவு பத்து மணிக்கு உள்ளே வியர்த்துக்கொண்டு கிடக்கிறோம். சுவருக்கு அந்தப் பக்கம் குளிர்ந்த காற்று இலவசமாக நிற்கிறது. கொழும்பில் இருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. ஆகவே இங்கே எதை வாங்கினாலும் இரண்டே கேள்வி: வெளிக்காற்றை அது உள்ளே கொண்டுவருமா? பகல் சூட்டை உள்ளே விடாமல் தடுக்குமா?

லைட் பில்லில் 60 யூனிட் என்ற கோட்டையும் நினைவில் வைக்க வேண்டும். வீட்டுப் பாவனை மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் யூனிட்டிலிருந்தே வேறு அட்டவணை வந்துவிடும். 50 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்கு இன்னொரு 18 யூனிட் பாரமான செலவு.

சீலிங் ஃபேன்

சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 0.6 யூனிட், மாதத்துக்கு 18. பிஎல்டிசி எனும் கரண்ட் மிச்சம்பிடிக்கும் மோட்டார் வைத்தது 30 வாட்டோடு முடித்துக்கொள்ளும். மாதத்துக்கு 7 யூனிட் சொச்சம். மாலையில் எல்லா வீடும் அடுப்பும் டிவியும் போடும்போது கரண்ட் மந்தமாகிவிடுகிற தோட்டப் பகுதிகளில் பிஎல்டிசிக்கு இன்னொரு நன்மை உண்டு: வோல்டேஜ் இறங்கினாலும் அதன் வேகம் அதிகம் குறையாது. விலை கூடத்தான். தினமும் ஓடுகிற அறைக்கென்றால் தயங்காமல் வாங்கலாம்.

புதுசு வாங்க முன்னர் பழைய ஃபேன் ஏன் மெதுவாகச் சுற்றுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்தான் பலமிழந்திருக்கும். பல ஃபேன்களில் அது 2.5 மைக்ரோஃபராட், பழையதில் அச்சிட்டிருக்கும் அதே அளவைத்தான் வாங்க வேண்டும். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு மாற்றினால் வேகம் திரும்பிவிடும். சுவரில் பெரிய பெட்டி போலிருந்து சூடாகிற பழைய ரெகுலேட்டர் இருந்தால் அதையும் மாற்றுங்கள். குறைத்த வேகத்தில் மிச்சமாக வேண்டிய கரண்டை அது சூடாக்கி வீணாக்குகிறது.

இறக்கைக்கும் தரைக்கும் ஏழு அடியாவது இடைவெளி வேண்டும். கூரை தாழ்ந்த லயக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) அது கிடைக்காவிட்டால் சுவர் ஃபேன்தான் சரி. உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடும் எந்த ஃபேனும் அறையைக் குளிர்விக்காது, உடம்பைத்தான் குளிர்விக்கும். ஆளில்லாத அறையில் ஓடவிடுவது வெறும் செலவு.

ஜன்னலோரம் வைக்கும் ஃபேன்

எங்கள் தீர்ப்பில் மலையகத்துக்கு முதலிடம் இதற்குத்தான். வீட்டில் இருக்கிற 16 அங்குல ஸ்டாண்ட் ஃபேனே போதும். 50, 55 வாட்தான். அதை ஜன்னலைப் பார்த்து, இரண்டு மூன்று அடி உள்ளே தள்ளி வைத்து, காற்றை வெளியே தள்ளவிடுங்கள். ஜன்னலோடு ஒட்டி வைத்தால் இறக்கை தொடுகிற காற்று மட்டும் போகும். சற்றுத் தள்ளி வைத்தால் பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். மற்ற ஜன்னலைத் திறந்துவிட்டால் வெளிக்குளிர் அந்த வழியாகத் தானாக வரும்.

எந்த ஜன்னல் வழியாக உள்ளே எடுப்பது என்பதில் மலைக்கென்று ஒரு விஷயம் உண்டு. அமைதியான இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் மேலிருந்து கீழே வழியும். ஆகவே மேட்டுப்பக்க ஜன்னலால் எடுத்து, பள்ளப்பக்க ஜன்னலால் தள்ளுங்கள். மாற்றிச் செய்தால் ஃபேன் அந்த ஓட்டத்தோடு மல்லுக்கட்டும்.

வெளியே உள்ளைவிடக் குளிர்ந்த பிறகே, பொதுவாக ஏழு மணிக்கு மேல், போட வேண்டும். காலையில் வெயில் ஏறுமுன் ஜன்னல்களைச் சாத்தி, வெயில்பக்கத்துக்கு வெளியே கீற்றோ கிரீன் நெட்டோ கட்டிவிட்டால் இரவில் சேர்த்த குளிர் மதியம்வரை நிற்கும். இந்தப் பகல் பாதியை விட்டுவிடுவதால்தான் பலருக்கு இது பலிக்காமல் போகிறது. ஜன்னல் நெட்டில் அடுப்புப் புகையும் தூசும் படிந்தால் காற்று பாதியாகிவிடும். மாதம் ஒருமுறை சவர்க்காரத் தண்ணீரில் கழுவுங்கள்.

ஏர் கூலர்

வேண்டாம். தண்ணீர் ஆவியாவதால்தான் அது குளிர்விக்கிறது. நம் இரவுக் காற்றில் ஈரப்பதன் 85, 90 வீதம். 24 பாகைக் காற்றை அது 22.5 ஆக்கும், அவ்வளவுதான். பதிலுக்கு மெத்தையும் அலுமாரித் துணியும் பூஞ்சணம் பிடிக்கும். பதுளை இருக்கும் ஊவாப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காய்ந்த காற்று வீசும்போது பகலில் கொஞ்சம் உதவும்.

ஃபேனுக்கு முன்னால் ஐஸ் போத்தல் வைப்பதும் இதே கதை. இரண்டு கிலோ ஐஸ் உருகி இழுக்கும் சூடு எட்டு மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் 23 வாட். தூங்கும் ஒரு ஆளின் உடம்பே 70 வாட்டுக்கு மேல் சூடு விடுகிறது.

கூரை வேலை

தகரம் வெயிலில் உடனே கொதிக்கும், பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்தில் ஆறியும் விடும். கொங்கிறீட் தட்டு அப்படியல்ல: மதியம் வாங்கிய சூடு நான்கைந்து மணி நேரம் கழித்துத்தான் உள்பக்கம் இறங்கும், நடுச்சாமம்வரை தலைக்கு மேல் கக்கிக்கொண்டிருக்கும். மேல்மாடியில் படுப்பவர்கள் ஃபேனைக் கூட்டக் கூட்டச் சூடான காற்று வருகிறதென்பது இதனால்தான். அவர்கள் ஃபேனை விட்டுத் தட்டைக் கவனிக்க வேண்டும். தட்டுக்கு ஓரடி உயரத்தில் கிரீன் நெட் இழுத்துக் கட்டுவது மலிவான வழி. வெள்ளை ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடிப்பது அதைவிட நல்லது. சுண்ணாம்பும் வேலை செய்யும், ஆனால் பருவமழைக்கு நிற்காது. வருடா வருடம் அடிக்க வேண்டும்.

தகரத்துக்கும் வெள்ளைப் பெயின்ட் நல்லது. கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, துருத் தடுப்பு பிரைமர் ஒரு கோட், பிறகு வெள்ளை இரண்டு கோட். தகரத்தில் ஆணி வரிசையில் மட்டும் கால் வைக்க வேண்டும். அஸ்பெஸ்டஸ் சீட்டில் ஏறவே கூடாது, காய்ந்த நிலையில் சுரண்டவும் கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. மலையில் பாசி பிடித்து வெள்ளை சீக்கிரம் கறுத்துவிடும். தை மாசியில் ஒரு கழுவல் போட்டால்தான் வெயில் காலத்துக்குப் பயன். கூரைத் தண்ணீர் பிடித்துக் குடிக்கும் வீடென்றால் பெயின்ட் அடித்த பின் வரும் முதல் மழைகளின் தண்ணீரை எடுக்காதீர்கள்.

கீழே அலுமினியத் தாள் அடிப்பதானால் தகரத்தோடு ஒட்ட வேண்டாம். மினுங்கும் பக்கத்துக்கு எதிரே ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி இருந்தால்தான் அது சூட்டைத் தடுக்கும்.

ஏசி

ஓட்டை ஒழுக்கில்லாத, சீலிங் அடித்த அறைக்கு மட்டும். 9,000 பிடியு (குளிர்விக்கும் திறனின் அளவு) இன்வெர்ட்டர் ஏசி சராசரியாக 400 முதல் 600 வாட் இழுக்கும். எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் 90 முதல் 150 யூனிட். மாத்தளையில் கொங்கிறீட் தட்டின் கீழ் நோயாளியோ கைக்குழந்தையோ படுத்தால் நியாயம் உண்டு. அப்போதும் 26 பாகையில், சீலிங் ஃபேனைச் சிறு வேகத்தில் வைத்து, இரவு ஒரு மணிக்கு டைமரில் நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்தால் போதும். மேலே தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே சந்து இருக்கிற அறையில் ஏசி போடுவது வெளியைக் குளிர்விப்பதற்குச் சமம்.

ஒற்றை ஜன்னல் காம்பரா

முதுகோடு முதுகு ஒட்டிய பழைய லயத்தில் எதிர்ப்பக்க ஜன்னலே இருக்காது. அங்கே கூரைக்குக் கீழே, சுவரின் உயரத்தில் 12 அங்குல எக்ஸோஸ்ட் ஃபேன் ஒன்று பொருத்துங்கள். மேலே தங்கிய சூடு அதால் போகும், ஜன்னலால் குளிர் வரும். வயர் இழுப்பதைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். பழைய லய வயரிங்கில் கைவைப்பது ஆபத்து. ஃபேனைப் போடுமுன் சமையல்கட்டுக் கதவைச் சாத்த வேண்டும். திறந்திருந்தால் காற்று வரச் சுலபமான வழி அதுவாகிவிடும். அணையாத விறகடுப்பின் புகை முழுக்கப் படுக்கைக்கு வந்து சேரும். நெருப்பு முற்றாக அணைந்த பிறகு போடுவதே பத்திரம்.